நான்கு சிவப்புப் பலகைகள்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். நான் பாடம் நடத்திய கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் அதை அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அட்டெண்டர் முனியப்பன். தங்கச் சுரங்கத்தில் கூரை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை பார்த்தவர். பாறை விழுந்து கால் நசுங்கியதால் தற்காலிகமாக எங்களிடம் சேர்ந்தார். மூன்றும் பெண் பிள்ளைகள். வேலை நிரந்தரமாகாவிட்டால் அவர் மனைவி ரத்தினம்மாவின் அடுப்பில் பூனை தூங்கும்.

எழுபத்தாறில் கல்லூரியில் அறிவியல் கண்காட்சி. பெங்களூர் அதிகாரி வந்து, முனியப்பனின் வேலையைப் பார்த்து நிரந்தரமாக்குவது பற்றி முடிவு சொல்வதாக ஏற்பாடு. டி.என்.ஏ. மாதிரி செய்ய நான் படம் வரைந்து கொடுத்திருந்தேன். சிவப்புப் பலகை, டி.என்.ஏ.வின் நான்கு காரங்களில் ஒன்றான குவானின். அது நீலப் பலகையான சைட்டோசின் என்ற இன்னொரு காரத்தோடு மூன்று குச்சிகளால் சேர வேண்டும். குச்சிகள்தான் ஹைட்ரஜன் பிணைப்பு.

மனுஷர் என்ன செய்திருந்தார் தெரியுமா? நான்கு சிவப்புப் பலகைகளையே சதுரமாகக் கோத்திருந்தார். நான் வரையாத விளிம்பிலும் துளை போட்டு, பக்கத்துப் பலகைக்கு இரண்டிரண்டு குச்சி. அப்படி மூன்று அடுக்கு. நடுக்குழியில் கூழாங்கல்.

மாணவர்கள் முன்னாலேயே கத்தித் தீர்த்தேன். படத்தைப் பார்க்கக் கண் இல்லையா என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவர் குச்சிகளைப் பிடுங்க ஆரம்பித்தார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்றேன்.

“பலகைய ரெண்டு ரெண்டா கோத்தா சாயுதும்மா. சொரங்கத்துல கீழ லெவல்ல மரத்தை நாலா அடுக்கி, நடுவுல கல்லு போட்டாத்தான் கூரை நிக்கும். அவசரத்துல ரெண்டு முட்டு மட்டும் குடுத்தேன் ஒரு நாளு. அன்னிக்குத்தான் கூரை சரிஞ்சு என் தம்பி ராஜப்பா போனான். ரெண்டோட நிறுத்த இந்தக் கை வராதும்மா.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது, இது ஆய்விதழில் நான் பார்த்த படம். குவானின்கள் நான்காகக் கைகோத்துச் சதுரமாகும், சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும், நடுவில் பொட்டாசியம் போன்ற அயனி உட்காரலாம் என்று எழுதியிருந்தது. படித்த நான் மறந்திருந்தேன்.

அதைப் பிரிக்க விடவில்லை. நான் கேட்ட மாதிரியையும் மாலைக்குள் இருவருமாகக் கோத்து முடித்தோம். மறுநாள் அதிகாரி சதுரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, யார் செய்தது என்றார். அம்மாதான் என்றார் முனியப்பன். எனக்குப் பொறுக்கவில்லை. செய்தவர் இவர், இதற்காக இவரைத் திட்டியவள் நான் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

அடுத்த மாதம் நிரந்தர ஆணை வந்தது. சட்டைப்பையில் வைத்துக்கொண்டவர் போகாமல் நின்றார்.

“ஏம்மா, நெஜமாவே நம்ம ஒடம்புக்குள்ள அது நாலா நிக்குதா?”

பொய் சொல்ல மனம் வரவில்லை. சோதனைக் குழாயில் நிற்கிறது, உடம்புக்குள் நிற்பதை இன்னும் யாரும் பார்க்கவில்லை என்றேன்.

முனியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கொழாயிலயாவது நிக்குதில்லம்மா. அது போதும்.”