ஏலக்காரரின் சென்னிக்குத்து

ஏசுஅடிமை எங்கள் துறையில் மீன் ஏலம் கூறுகிறவர். வலைக்காரனுக்கு விலை ஏற வேண்டும், வியாபாரிக்கு இறங்க வேண்டும். நடுவில் நின்று இரண்டு பக்கத்து ஏச்சையும் வாங்கிக்கொள்வதற்குத்தான் கூலி. அவர் கூவினால் அலைச்சத்தம் கொஞ்சம் ஒதுங்கி வழிவிடும்.

ஆண்டவர் அந்தத் தொண்டையைக் கொடுத்துவிட்டு, அதற்கு மேலே ஒரு தலையையும் வைத்தார். மாதத்தில் இரண்டு மூன்று நாள் அதன் வலப்பக்கம் மட்டும் குத்தும். சென்னிக்குத்து என்பார்கள். முதலில் மணல் கண்ணாடிச் சில்லுபோல மின்னும், பிறகு வலக்கண் சுருங்கும், பிறகு வாந்தி. வெயில், கூச்சல், மீன் வாடை மூன்றும் ஆகாது என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னாராம். "அப்ப நான் என்னத்தத் திங்க?" என்று இவர் கேட்டாராம். டாக்டர் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். இவர் சுக்குப் பற்றும் போட்டார், குருசடிக் கோயில் எண்ணெயும் தேய்த்தார். அந்தத் தலை எதற்கும் மசியவில்லை.

அவரைப்போல ஏலம் கூவிக்காட்டுவது எங்கள் பையன்கள் கூட்டத்தின் பொழுதுபோக்கு. அவர் வீட்டு ஜன்னலடியில் நின்றே கூவுவோம். ஜன்னல் சாத்தியிருந்தால் கூவ மாட்டோம். சாத்திய ஜன்னலில் கூவி யாருக்குக் கேட்கப்போகிறது? அங்கே குரைக்கிற நாயையும் அன்றைக்கு விரட்டிவிடுவோம். அது நாயோடு உள்ள பகை.

ஐம்பத்திரண்டாம் வருஷம் ததேயுஸ் ஊர்க் கமிட்டியில் பேச்செடுத்தார். கரையில் இருந்து இழுக்கிற கரமடி வலைக்கு அவர் சொந்தக்காரர். "அவன் மண்டைக்குச் சொகமில்லேன்னா மீனு காத்துக்கெடக்குமா ஓய்?" என்று கேட்டார். ஏலத்தின்மேல் அவர் மச்சானுக்கு ஒரு கண் உண்டு. இன்னும் ஒரு நாள் ஏசுஅடிமை வராமல் இருந்தால் ஏலம் மச்சானுக்கு என்று கமிட்டி தீர்த்துச் சொல்லிவிட்டது.

அந்த ஒரு நாள் சீக்கிரமே வந்தது. ததேயுஸின் கரமடியில் சாளை மீன் குவிந்த காலையில் ஏசுஅடிமை வீட்டு ஜன்னல் சாத்தியிருந்தது. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. தலையில் ஈரத்துண்டு கட்டி, கண்ணை மூடிக்கொண்டு அவர் வந்தார். மனைவி வியாகுலம்மாள் கையைப் பிடித்து நடத்தி வந்தாள்.

"நீரு மெள்ளச் சொல்லும். நான் கூவுதேன்" என்றாள்.

எங்கள் துறையில் அதுவரை பெண் யாரும் ஏலம் கூவியதில்லை. கூவக்கூடாது என்றும் யாரும் சொல்லி வைக்கவில்லை. அவர் முணுமுணுப்பார், அவள் காதைக் கொடுத்துக் கேட்டுக் கூவுவாள். முப்பது ரூபாயில் தொடங்கியது. கருங்கல் ஊரில் இருந்து வந்து தலைச்சுமையாக மீன் கொண்டுபோகிற நேசம்மாள் நாற்பது கேட்டாள்.

"நாப்பது!" என்று கூவினாள் வியாகுலம்மாள்.

சைக்கிள் வியாபாரிகள் அப்போதுதான் பீடியை எறிந்துவிட்டுக் கிட்ட வந்தார்கள். இனிமேல்தான் விலை ஏறும். அதற்குள் நேசம்மாள் ஏசுஅடிமையின் முகத்தைக் குனிந்து பார்த்தாள்.

"என்னண்ணே, மொகம் வெளிறிக் கெடக்கு? எத்தர தரம் வாந்தி எடுத்தீரு?"

"மூணு தரம்" என்றார் அவர்.

வியாகுலம்மாள் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி அவள் காதில் விழவில்லை, பதில் விழுந்தது.

"மூணு தரம்!" என்று கூவிவிட்டாள்.

ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று கூவி முடித்தால் விற்றது விற்றதுதான். அத்தனை சாளையும் நாற்பது ரூபாய்க்கு! ததேயுஸ் மணலில் குதித்தார்.

"லேய் ஏசுஅடிமை! கருங்கல்காரிக்கிட்ட என்ன வாங்கினே? எனக்க மீனு நாப்பதா? விளியுங்கலே எனக்க மச்சான!"

ஏசுஅடிமை கண்ணைத் திறந்தார். திறந்த குற்றத்துக்கு இன்னொரு முறை வாந்தி எடுத்தார். "நாலு தரம்" என்று கூட்டத்தில் யாரோ எண்ணினார்கள். யாரோ என்றே இருக்கட்டும்.

"இவரு சொன்னதத்தானே நான்..." என்று தொடங்கிய வியாகுலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நேசம்மாள் அந்தக் குவியலை ஒருமுறை பார்த்தாள். நாற்பதுக்கு அது கிடைத்தால் ஒரு வாரம் சுமடு எடுக்காமல் வீட்டில் இருக்கலாம். மீன் சுமக்கிற கடவப்பெட்டியைக் கீழே வைத்தாள்.

"ஓய், கெடந்து சாடாதயும். நான் மீனுக்குத்தான் வெல கேட்டேன், வாந்திக்கு இல்ல. ஒரு தரம் எங்க? ரெண்டு தரம் எங்க? எடுத்த எடுப்புல மூணு தரமுன்னா அது ஏலமா?"

கரையே சிரித்தது. ததேயுஸுக்கும் சிரிப்பு முட்டியது. மீன்காரன் சிரித்தால் விலை இறங்கும் என்று அடக்கிக்கொண்டார்.

"அப்ப மாத்திக் கூவட்டு. அவன் மிண்டப்பிடாது. அவ மட்டும் கூவட்டு" என்றார்.

வியாகுலம்மாள் ஒன்றில் இருந்து ஒழுங்காகக் கூவினாள். எண்பத்தைந்துக்கு ஒரு சைக்கிள்காரர் எடுத்தார். ஏசுஅடிமை அதற்குள் வள்ளத்து நிழலில் சுருண்டுவிட்டார். மச்சானை யாரும் தேடவில்லை.

தலைவலி நாட்களில் வியாகுலம்மாள் கூவலாம் என்று கமிட்டி ஒப்புக்கொண்டது. ததேயுஸ் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: ஏலம் முடிகிறவரை கூவுகிற ஆளிடம் ஒருத்தரும் சுகம் விசாரிக்கக்கூடாது.

சென்னிக்குத்து நின்றபாடில்லை. வருகிற அன்று வியாகுலம்மாள் மட்டும் கரைக்குப் போகிறாள். ஏசுஅடிமை இருட்டில் படுத்திருக்கிறார். அவள் குரல் வீடுவரை கேட்கும். அதுவும் வந்து வலப்பக்கம் குத்துகிறதாம். விலை தெரியவேண்டுமே என்று காதைப் பொத்தாமல் கிடக்கிறார்.