தண்ணீர் குடிக்காத பெஞ்சு

நான் வாழ்க்கைப்பட்டு இலங்கை மலைநாட்டுப் பதுளைக்கு வந்த முதல் ஐப்பசியில், எங்கள் வீட்டு மரச்சாமான்கள் ஒவ்வொன்றாகக் காலை வாரிவிட்டன. கட்டில் மாம்பலகை, மழை பிடித்த பத்தாம் நாள் பூஞ்சணம் பூத்தது. அலமாரிக் கதவு உப்பிப்போய்த் திறக்க வரவில்லை. கூறைப்புடவை உள்ளே, நான் வெளியே. மதுரையில் மழை என்றால் வரும், போகும். இங்கே வந்தால் வீட்டுக்காரன் மாதிரி கால்நீட்டிக்கொண்டுவிடும். வீட்டில் ஊறாமல் இருந்தது அப்பா வாங்கித் தந்த தகரப் பெட்டி ஒன்றுதான்.

பலசரக்குக் கடையின் பின்கட்டில்தான் எங்கள் குடித்தனம். ஒருநாள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவர் சாமான் வாங்க வந்தார். என் வீட்டுக்காரர் அவரை உள்ளே அழைத்து உட்காரச் சொன்னார். தேயிலைப் பெட்டிப் பலகையில் அடித்த பெஞ்சு. நல்ல கனத்த மனிதர். நான் காபியோடு வருவதற்குள் தரைக்கு வந்துவிட்டிருந்தார். கோட்டைத் தட்டிக்கொண்டே "பரவாயில்லைங்க" என்றார். எனக்கு மானம் போயிற்று. அன்றைக்கே அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன்: இந்த ஈரத்தில் என்னால் குடித்தனம் செய்ய முடியாது, வந்து கூட்டிக்கொண்டு போங்கள். எழுதியதை என் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். எனக்கு எழுதத் தெரியும் என்பதில் அன்றுதான் அவருக்கு வருத்தம் வந்திருக்கும்.

அவர் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். "மாமா வந்தா உக்கார நல்ல பெஞ்சாவது வேணுமே" என்றார், அவ்வளவுதான். மறுநாள் எங்கெங்கோ அலைந்து மரத்துக்கு ஒரு துண்டாகக் கொண்டுவந்து, கடைத் தராசில் நிறுத்து, என் தண்ணீர் அண்டாவில் போட்டார். எட்டு நாள் கழித்து எடுத்துத் துடைத்து மறுபடி நிறுத்தார். எந்த மரம் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று பார்க்கிறாராம். பருப்பு நிறுக்கிற மனுஷனுக்கு வேறு எப்படி யோசனை ஓடும்?

மாம்பலகை கனத்துப்போய் வந்தது. தேயிலைப் பெட்டிப் பலகை அண்டாவுக்குள்ளேயே பிளந்துவிட்டது. பலா கொஞ்சம்தான் குடித்திருந்தது. வளைந்த கறுப்புத் துண்டு ஒன்று மட்டும் போட்ட எடையிலேயே திரும்பி வந்தது. சிங்களவர் ஹல்மில்ல என்று சொல்லும் மரம். "சொட்டுத் தண்ணி குடிக்கல, பாரு" என்றார், பரீட்சையில் தேறிய பிள்ளையின் தகப்பன் மாதிரி. எட்டு நாளும் பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்டு வாங்கி நான் சமைத்ததை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை.

அந்தக் கறுப்பு மரத்திலேயே பெஞ்சு வந்தது. பலகைகள் வளைவு என்பதால் நடுவில் குழிந்திருந்தது. ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்தால் சற்று நேரத்தில் இருவரும் நடுவுக்கு வந்துவிடுவோம். அதனாலேயே நான் நின்றுகொண்டிருந்தேன். இவ்வளவு மரம் எங்கே கிடைத்தது என்று கேட்டால், "கிடைச்சுது" என்பார்.

கார்த்திகையில் அப்பா வந்தார். அப்போது ரயில் பண்டாரவளையோடு சரி. அங்கிருந்து மாட்டு வண்டியில் நனைந்து, பல் கிடுகிடுக்க வந்து சேர்ந்தார். அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து, தலை துவட்டத் துண்டு கொடுத்து, பெஞ்சுக்கு அடியில் கரி நெருப்புச் சட்டியை வைத்தேன். சூடு ஏறியது. கூடவே ஒரு வாசனையும் ஏறியது. சந்தேகமே இல்லை, சாராய வாசனை.

அப்பா வெற்றிலைகூடப் போடாதவர். மூக்கைச் சுளித்து, எதிரே நின்ற மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். இவர் முகம் வெளுத்துவிட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது சாராயக் கடையில் கழித்துப்போட்ட பழைய பீப்பாய்ப் பலகை. மாமனாரைச் சாராயப் பீப்பாய் மேல் உட்காரவைத்திருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வார்?

"ஈரம்னுதானேம்மா எழுதியிருந்தே. இதை எழுதலையே" என்றார் அப்பா. "பெட்டியக் கட்டு. போவோம்."

கடிதம் போட்ட நாளிலிருந்து நான் காத்திருந்த வார்த்தை அது. வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும், ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் எனக்கு அப்பா மேல்தான் பொல்லாத கோபம் வந்தது. எட்டு நாள் மரத்துண்டை ஊறவைத்து நிறுத்துப் பார்த்த மனுஷன் குடிகாரன் என்று பேர் வாங்குவதா? என்னால் தாங்க முடியவில்லை.

"அவர் குடிக்கலப்பா. நீங்க உக்காந்திருக்கிற பெஞ்சுதான் குடிச்சிருக்கு" என்றேன்.

அண்டாவில் ஊறிய அந்தக் கறுப்புத் துண்டைத் தேடி எடுத்து, நெருப்பில் காட்டி, அப்பா மூக்குக்கு நேரே நீட்டினேன். மோந்தார். எழுந்து பெஞ்சை மோந்தார். போதாதென்று மாப்பிள்ளை கிட்டப் போய் அவரையும் மோந்தார். பிறகு திரும்ப உட்கார்ந்து, இரண்டு கையாலும் பலகையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை.

"மரம் நல்ல மரந்தான் மாப்பிள்ளை."

"ஆமாங்க மாமா" என்றார் இவர்.

"சரி, நீ எழுதினதுக்கு என்ன சொல்றே? வர்றியா, இல்லையா?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

இவர் என்னைப் பார்க்கவில்லை. நெருப்புச் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பெஞ்சுக்கு மரம் தேடி அலைந்ததெல்லாம் அப்பாவுக்காக இல்லை, எனக்காக என்று அந்த நிமிஷம்தான் உறைத்தது.

"பெட்டி மூடி மழைக்கு உப்பிப்போச்சுப்பா. திறக்க வரல" என்றேன்.

அப்பா மூலையில் இருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்த ஊர் மழைக்குத் தகரம்கூட உப்பும்போல" என்றார், அதை வாங்கிக் கொடுத்தவர்.