நீல போனட்டும் மாமா வாங்கிவந்த பாலிஷரும்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் காரின் இடதுபக்க முன்கதவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது பாலிஷர் புகைந்து நின்றது. கதவில் பாதிதான் முடிந்திருந்தது.
2. எங்கள் ஊர் அபர்டீன் பஜாரில் மோட்டார் பழுது பார்ப்பவர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.
3. புதிதாக எதை வாங்குவது என்று தேட ஆரம்பித்தேன். எனக்கு அவசரம் இல்லை.
4. அந்த வாரம் சென்னையில் இருந்த மாமாவிடம் அம்மா போனில் விஷயத்தைச் சொன்னாள்.
5. மாமா ஒரு பாலிஷர் வாங்கி வந்தார். நான் கேட்டது அது இல்லை. நான் எதையும் கேட்டிருக்கவே இல்லை.
6. அதை என் கார்மேல் வைக்க மாட்டேன் என்று சொன்னேன்.

ஆறாவதுக்குப் பிறகு வீட்டில் சாப்பாடு மட்டும் நேரத்துக்குக் கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

கார் என்னுடையது. என் சம்பளத்தில் வாங்கிய பழைய கார், அடர்நீலம். எங்கள் தீவிலிருந்து கடலுக்கு அந்தப் பக்கம், மெயின்லேண்டுக்கு, மாற்றல் ஆகும் அதிகாரிகள் கப்பலேறுவதற்கு முன் வீட்டையே விற்றுத் தீர்ப்பார்கள். கட்டில், பிரிட்ஜ், பூந்தொட்டி, கடைசியாகக் கார். அப்படி ஒருவர் விட்டுப்போனதுதான் இது. விற்பதற்கு முன் நல்ல விலை வரட்டும் என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து மெஷின் பாலிஷ் போட்டிருந்தார். பார்க்கப் போன அன்று வண்டி கண்ணாடி மாதிரி இருந்தது. அந்த மினுமினுப்புக்கு விலையாக மேல்பூச்சில் எவ்வளவு கரைந்துபோயிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. நான் படகு பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் மெக்கானிக்கல் பிரிவில் வேலை செய்கிறேன். இரும்பின் மேல் பெயிண்ட் எவ்வளவு கனம் இருக்கிறது என்று அளக்கும் சிறிய கருவி எங்களிடம் உண்டு. கேட்டு வாங்கிவந்து ஒருநாள் கார் முழுவதும் வைத்துப் பார்த்தேன். கதவுகள் பரவாயில்லை. கூரை பரவாயில்லை. போனட்டின் நடுவிலும் விளிம்புகளிலும் பூச்சு மிக மெல்லியதாக இருந்தது. இன்னொரு முறை யாராவது அழுத்தித் தேய்த்தால் அடிப்பூச்சின் வெள்ளை எட்டிப்பார்த்துவிடும். திரும்பப் பெயிண்ட் அடித்தால் இந்த நீலம் இங்கே யாருக்கும் கலக்க வராது.

அதனால்தான் நானே கற்றுக்கொண்டேன். ஞாயிறு காலை, வெயில் ஏறுவதற்குள், தகரக் கூரைக்குக் கீழே. எங்கள் தெருவும் இந்த ஊரின் மற்ற எல்லாத் தெருக்களையும் போலச் சரிவு. முதலில் பின்சக்கரங்களுக்குக் கல் வைப்பேன். பிறகு நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவுவேன். கடல் காற்றின் உப்பு உலர்ந்த துணிக்கு அடியில் மணல்போல வேலை செய்யும், அதனால் கழுவாமல் தொடுவது கிடையாது. பிறகு ஒரு கதவு, அல்லது ஒரு கதவில் பாதி. வடக்கே காட்டுச் சாலை தாண்டி, ரங்கத் என்ற ஊரில் வேலை பார்க்கும் அப்பாவைப் பார்க்கப் போய்வரும்போதெல்லாம் இடதுபக்கம் புதர்கள் உரசிப் புதிய கீறல்களைப் போட்டு அனுப்பும். நான் அவற்றை எடுப்பேன். அடுத்த பயணத்தில் அது மறுபடி போடும். இதில் எனக்கு வருத்தமே இல்லை. இது எனக்குத் தொழில் கிடையாது. யாருக்கும் செய்து கொடுப்பதில்லை, யாரிடமும் காட்டுவதற்காகச் செய்வதும் இல்லை.

பக்கத்து வீட்டு பெங்காலி அக்காவை நாங்கள் தீதி என்று கூப்பிடுவோம். துணி காயப்போட வரும்போதெல்லாம் சுவருக்கு மேலாகக் கேட்பார்: "அரே, ஷாதி காடி ஸே ஹி கரேகி க்யா?" கல்யாணத்தையே காரோடுதான் பண்ணிக்கொள்ளப் போகிறாயா என்று. "காடி நே ஹான் போலா ஹை, தீதி," என்பேன். கார் சரி என்று சொல்லிவிட்டது.

பழைய பாலிஷர் செத்ததற்குக் காரணம் கார்பன் பிரஷ். மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் அந்தச் சின்னக் கரித்துண்டு தேய்ந்துபோனபோது, அதன் அளவில் ஒன்று ஊர் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. பஜார்க்காரர் மிக்ஸியின் பிரஷ்ஷை எடுத்து, அரத்தால் ராவி, உள்ளே நுழைத்துக் கொடுத்தார். இங்கே எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறோம். ஒரு பொருளின் உதிரிபாகம் கப்பலில் வரும்வரை இன்னொரு பொருளின் உதிரிபாகம் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். சில மாதம் ஓடியது. பிறகு உள்ளே தீப்பொறி, பிறகு புகை.

"காம் தமாம்," கதை முடிந்தது என்றார் பஜார்க்காரர், மோட்டாருக்குள் கம்பி சுற்றிய ஆர்மேச்சரை முகர்ந்து பார்த்து. "மெயின்லேண்ட் ஸே மங்வாலோ, மேடம். அங்கேர்ந்து புதுசா வரவழைச்சிருங்க. இத மறுபடி சுத்தினா உங்க காசுக்குத்தான் கேடு."

அன்று மாலையே எனக்கு வேண்டியதை எழுதினேன். முதலாவது, அது இரட்டை அசைவு மெஷினாக இருக்க வேண்டும். அதில் தேய்க்கும் பஞ்சு சுழலும், சுழன்றுகொண்டே வட்டமாக ஆடவும் செய்யும், அதனால் சூடு ஒரே இடத்தில் தங்காது. அதிகமாக அழுத்தினால் சுழற்சி தானாக நின்றுவிடும். போனட்டை எரிப்பது அதற்குக் கஷ்டம். இரண்டாவது, வயர் உள்ளது. பேட்டரி மெஷின் மேல் எனக்கு ஆசை இருந்தது, கரண்ட் போனாலும் ஓடும் என்று. ஆனால் அந்த பேட்டரியை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். ஒவ்வொரு ஆன்லைன் கடையிலும் நம் பின்கோடைப் போட்டதும் பொருள் மறைந்துவிடும். கப்பலில் வரவழைத்தாலும், அது செத்தால் அடுத்ததற்கு மறுபடி இதே பாடு. மூன்றாவது, வோல்டேஜ் இறங்கும்போதும் வேகம் குறையாமல் ஓட வேண்டும். நான்காவது, என்னிடம் இருக்கும் பஞ்சுகள் அதில் பொருந்த வேண்டும். ஐந்தாவதுதான் நான் அடிக்கோடிட்டது: பெட்டிக்குள்ளேயே மாற்று கார்பன் பிரஷ் இருக்க வேண்டும். மெயின்லேண்டில் இருப்பவர்கள் எழுதும் விமர்சனங்களில் இந்த ஐந்தாவதைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. அவர்களுக்கு அது தெருமுனையில் கிடைக்கும். இரண்டு மெஷின்களுக்கு இடையே தயங்கி, கடைசியில் எடை குறைந்ததைத் தள்ளிவிட்டு, பிரஷ்ஷோடு வரும் கனமானதை முடிவு செய்தேன்.

முடிவு செய்து முடித்தபோது மாமா விமானத்தில் வந்து இறங்கினார்.

அம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. இங்கே யாராவது மெயின்லேண்ட் போனால் பத்து வீடு அவரிடம் சொல்லிவிடும். மூக்குக்கண்ணாடி, புடவை, பம்ப் வாஷர், தலைவலித் தைலம். கொண்டுவருபவர் எதைக் கொண்டுவருகிறாரோ அதை வாங்கிக்கொள்ள வேண்டும், அளவு தப்பினாலும் நிறம் தப்பினாலும். கடலுக்கு அந்தப் பக்கம் மாற்றிக் கொடுக்க யாரும் திரும்பிப் போவதில்லை. அப்பா பெரும்பாலும் ரங்கத்திலேயே இருப்பதால், எங்கள் வீட்டுக்கு எதுவாக இருந்தாலும் முன்னால் நின்று செய்பவர் அம்மாவின் அண்ணனான மாமாதான். அவர் கட்டட கான்ட்ராக்டர். மொசைக் தரைக்கும் கிரானைட்டுக்கும் மெருகு ஏற்றுவதில் அவரை அடிக்க ஊரில் ஆள் இல்லை. பாலிஷர் என்றதும் அவர் தனக்குத் தெரிந்த பாலிஷரை வாங்கிவிட்டார்: ஒரே அச்சில் சுற்றும், கையில் பிடித்தால் தோள்வரை அதிரும் ரோட்டரி. என் போனட்டைக் கரைத்த அதே ஜாதி.

"எப்படி இருக்கு மருமகளே?" பெட்டியைக் கூடத்து மேசையில் வைத்துவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்தார். "ஹெவி டியூட்டி. ஏர்போர்ட்ல எடை கூடுதுன்னு மல்லுக்கு நின்னான். உங்க அத்தைக்கு வாங்கின ரெண்டு பையை அங்கயே சொந்தக்காரங்க வீட்ல விட்டுட்டு இத ஏத்திக்கிட்டு வந்தேன்."

பெட்டியின் பக்கவாட்டில் இருந்ததைப் படித்தேன். அப்படியே வைத்தேன்.

"ரொம்ப நன்றி மாமா. ஆனா இது என் காருக்கு ஆகாது."

"என்னத்தா ஆகாது? பாலிஷர்தானே?"

"இது வேற மாதிரி மெஷின். என் போனட்டுக்கு இது வேண்டாம்."

அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். "வாயை மூடுடி. அத்தை பையையே விட்டுட்டு வந்திருக்கார்." பிறகு மாமாவிடம், "அவ கிடக்கிறா, நீ காபி குடிண்ணே," என்றாள்.

மாமா காபி குடித்தார், சிரித்துக்கொண்டே. அவர் போனதும் அம்மா சொன்னாள்: "அவர் முகத்துல அடிச்ச மாதிரி பேசிட்ட. பேசாம வாங்கி வச்சுக்கிட்டா என்ன, உன் கையா தேஞ்சுபோகும்?"

"கை தேயாதும்மா. போனட் தேயும்."

"போனட், போனட். அந்த இரும்புக்கு இருக்கிற மரியாதை மனுஷனுக்கு இல்ல."

வாங்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பது எனக்கு எளிதுதான். ஆனால் வாங்கி வைத்தால் அடுத்த கேள்வி எப்போது போடப்போகிறாய் என்பது. அதற்கு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பொய் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளை நான் அதற்காக வைத்திருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலை மாமாவே வந்தார். தன் கிடங்கில் கிடந்த பழைய ஜீப் கதவு ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அதை எங்கள் சுவரில் சாய்த்து, பெட்டியைப் பிரித்து, பிளக்கைச் சொருகினார். "நீ படிச்சவ. கண்ணால பாத்துட்டுச் சொல்லு," என்றார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். உள்ளுக்குள், விளிம்பில் பெயிண்ட் எரியப்போகிறது, அப்போது இவருக்குப் புரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எரியவில்லை. மாமா மெஷினைக் குழந்தையைத் தூக்கிப் பிடிப்பதுபோல அதன் எடையைத் தன் கையிலேயே வாங்கிக்கொண்டார். விளிம்பு வந்தபோதெல்லாம் மணிக்கட்டைத் திருப்பி விலகினார். பாலிஷ் மருந்து காய்வதற்குள் தண்ணீர் தெளித்தார். மெஷினை நிறுத்தித் துணியால் துடைத்தபோது, அந்தக் கறுத்துப்போன கதவில் எங்கள் தகரக் கூரையின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது.

"பாப்ரே!" என்றார் சுவருக்கு அந்தப் பக்கம் தீதி.

"இப்ப என்ன சொல்ற?" என்றாள் அம்மா.

"நல்லா வந்திருக்கு மாமா. நிஜமாவே."

"அப்புறம் என்ன?"

"என் போனட்டுக்கு வேண்டாம்."

மாமா துணியைத் தோளில் போட்டார். "அதான் ஏன்னு கேக்குறேன்."

"மேல பூச்சு கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு. உங்க கை தப்பாது. என் கை தப்பும்."

"அவ்வளவுதானா? நானே போட்டுத் தர்றேன். அரை மணி நேரம். நீ நிழல்ல உக்காரு, ஜூஸ் குடி."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். வண்டி மின்னியிருக்கும். விளிம்பும் தப்பியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நான் நிழலில் உட்கார்ந்து என் காரை இன்னொருவர் மெருகேற்றுவதைப் பார்ப்பதற்கு எனக்கு எந்த மெஷினும் தேவையே இல்லை. ஒர்க்‌ஷாப்பில் கொடுத்திருக்கலாம்.

"அதுதான் வேண்டாம் மாமா," என்றேன். "இது என் வேலை. மெதுவாத்தான் வரும். வரட்டும்."

"யாருக்காகடி இந்த வேலை?" என்றாள் அம்மா.

"எனக்காக."

மாமா போனட் பக்கம் ஒரு அடி வைத்தார். தொட்டுப் பார்க்கத்தான் என்று இப்போது தோன்றுகிறது. நான் அவருக்கும் காருக்கும் நடுவில் போய் நின்றேன். சத்தம் போடவில்லை. நகரவும் இல்லை. சரிவில் நின்றதால் அவரைவிட உயரமாகத் தெரிந்தேன், அது இரண்டு பேருக்குமே சங்கடமாக இருந்தது.

"அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கு," என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு அவர் குனிந்து வயரைச் சுருட்டினார். "மார்பிள் வேலை ஒண்ணு இருக்கு ஹேவ்லாக் தீவுல. இது அதுக்கு ஆகும்."

"ஆகும் மாமா. நல்லா ஆகும்."

"அதை நீ எனக்குச் சொல்ல வேணாம்."

ஜீப் கதவை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். மன்னிப்புக் கேட்டு ஒரு போன் செய் என்று அம்மா மூன்று நாள் சொன்னாள். விமானத்தில் சுமந்து வந்ததற்கு நன்றி சொல்லிச் செய்தி அனுப்பினேன். அத்தையின் பைகள் வந்து சேர்ந்தால் என் வண்டியிலேயே கொண்டுபோய்த் தருகிறேன் என்றும் எழுதினேன். மன்னிப்பு என்ற சொல்லைப் போடவில்லை. எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. மாமா கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினார்.

இன்றைய நிலை இதுதான். நான் தேர்ந்தெடுத்த பாலிஷர் சென்னையில் ஒரு சரக்குக் கிடங்கில், மாற்று கார்பன் பிரஷ்ஷோடு, கப்பலுக்காகக் காத்திருக்கிறது. கடல் சரியில்லை என்று கப்பல் தள்ளிப்போயிருக்கிறது. மாமாவின் ரோட்டரி ஹேவ்லாக்கில் மார்பிள் தேய்க்கிறது. அவர் வீட்டுக்கு வருகிறார், அம்மாவிடம் பேசுகிறார், காபி குடிக்கிறார், காரைப் பார்க்காமல் நடந்துபோகிறார். ஜீப் கதவு இன்னும் சுவரில்தான் சாய்ந்திருக்கிறது. என் கார் இடதுகதவில் பாதி மின்ன, பாதி கீறலோடு தினமும் வேலைக்குப் போய்வருகிறது. போனட்டை யாரும் தொடவில்லை.