என் முழங்காலுக்கு ஒரு பால்குடம்

இந்த வயதில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆம்பிளைகள் கோயில் கமிட்டியில் சேருவார்கள், மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள். நானோ அரைக்கால்சட்டையை மாட்டிக்கொண்டு வொலிபோல் நெட்டுக்குக் கீழே நிற்கிற ஆள். தலையில் பாதி நரைத்துவிட்டது. ‘மாமா, பாத்து’ என்று எதிரணிப் பையன்களே எச்சரிப்பார்கள். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேண்டுமென்றே இன்னும் உயரமாக எம்புவேன்.

எங்கள் மைதானம் வட்டவளைக்கு மேலே, பேக்டரிக்குப் பின்னால் இருக்கிறது. பின்னேரமானால் பனிமூட்டம் இறங்கிவிடும். தூக்கிப்போட்ட பந்து அதற்குள் மறைந்து, எங்கோ ஓரிடத்தில் திடீரென்று கீழே வரும். அந்த இடத்தில் போய் நிற்பதுதான் ஆட்டம். பள்ளிக்கூடத்துக் காலத்திலிருந்து எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே காரியம் அது. இரண்டு விரல்கள் கோணிப்போயின. தோள் ஒருமுறை இறங்கியது. அதெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது. கடைசியில் வலது முழங்காலில் சவ்வு கிழிந்தது. நான் ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவன், வலது கால்தான் பிரேக் மிதிக்கிற கால்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர் சிங்களத்தில், “தென் செல்லம் எத்தி” என்றார். இனி விளையாட்டு போதும் என்று அர்த்தம். இன்னொரு தடவை கிழிந்தால் ஆட்டோவை மறந்துவிட வேண்டியதுதான் என்றும் சொன்னார். பக்கத்தில் நின்ற என் மனைவி, அந்தச் ‘செல்லம்’ என்பதைத் தமிழில் எடுத்துக்கொண்டாலும் சரியாகத்தான் இருக்கிறது, இத்தனை நாளாக இவருக்குக் கொடுத்த செல்லம் போதும் என்று முணுமுணுத்தாள்.

அவள் என் காலுக்காக அம்மனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டாள். என்னிடம் கேட்கவில்லை. திருவிழாவுக்குக் கொடியேறியதும் வீட்டில் மீன் கருவாடு நின்றது. ஒரு வேளைச் சாப்பாட்டோடு, அட்டை கடிக்கிற மழையில், தினமும் மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்தாள். நான் ஹட்டன் டவுனில் ஒளிந்து கொத்துரொட்டி தின்னவில்லை என்பது மட்டும்தான் என் பங்கு.

திருவிழாவன்றுதான் தோட்டத்து மேல்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் வொலிபோல் போட்டியும். காலையில் அவள் மஞ்சள் சேலை கட்டி ஆற்றுக்குப் புறப்பட்டபோது, குடம் எடுக்கிறவளின் புருஷன் கூடவே நடக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கால் வலிக்கிறது, ஏற்றத்தில் நடக்க முடியாது என்று சொன்னேன்.

“சரிங்க, நீங்க வீட்லயே இருங்க. ஒங்களுக்கும் சேத்து நான் நடந்துர்றேன்” என்றாள்.

அவள் தலை மறைந்ததும் கிளம்பிவிட்டேன். யாரும் வந்து கூப்பிடவில்லை. முழங்காலில் மாட்டுகிற பட்டியை முந்தின நாளே துவைத்துக் காயப்போட்டிருந்தேன். இதைவிடக் கேவலமாக எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

கடைசி செட். இரண்டு பக்கமும் சமம். பந்து நெட்டுக்கு மேலே எனக்கென்றே எழும்பி நின்றது. எம்பி அடித்தேன். கால் தரையில் பட்டதும் முழங்கால் பக்கவாட்டில் மடங்கியது. ஓடிவந்து தூக்கப் பார்த்தவர்களைத் தள்ளிவிட்டு, “உள்ளயா வெளியயா? பந்து உள்ளயா வெளியயா?” என்று கத்திக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தப்பு மேளச் சத்தம் மிக அருகில் கேட்டது. மேல்ரோட்டில் மண் சரிந்திருந்ததால் பால்குட ஊர்வலத்தை மைதானத்து வழியாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். எந்த ரோடு அடைபட்டாலும் முதலில் தெரிந்துகொள்கிற ஆட்டோக்காரன் நான். அன்று அது எனக்குத் தெரியவில்லை.

வரிசையில் அவள் வந்தாள். தலையில் குடம், இரண்டு கையும் அதில். என்னைப் பார்த்துவிட்டாள். தலையில் ஏற்றிய குடத்தைக் கோயில் போய்ச் சேரும்வரை இறக்கக் கூடாது, திரும்பியும் வரக் கூடாது. ஒரு கணம் நின்றாள். பின்னால் வந்தவள் இடிக்கப்போய்ச் சுதாரித்தாள். பிறகு என் மனைவி நடந்தாள். மைதானம் முழுவதும் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. எனக்கு அந்த மண்ணுக்குள்ளேயே புதைந்துபோகலாம் போலிருந்தது.

சாயந்தரம் லயத்து வீட்டில் அவள்தான் காலுக்குத் தைலம் போட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“சாமி முன்னால நின்னு என்னா கேக்குறதுன்னே தெரியலங்க. காலு நல்லாகணும்னு கேட்டா மறுபடியும் ஆடப் போயிருவீங்க. நல்லாகக் கூடாதுன்னு கேக்க எனக்கு மனசு வரல. பால ஊத்திட்டு சும்மா வந்துட்டேன்.”

இனி மைதானத்துப் பக்கமே போகமாட்டேன் என்றேன். பிள்ளைகள் மேல் சத்தியமாக என்றேன். கண் கலங்கியது. அது நடிப்பில்லை.

அவள் முழங்காலில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டே, நிமிராமல், “பந்து உள்ளயா வெளியயா?” என்று கேட்டாள்.

“உள்ள” என்றேன். அவள் கேட்டு வாய் மூடுமுன் சொல்லிவிட்டேன். என் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கே கேட்டது. அவள் முடிச்சை இறுக்கிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள்.