மலையைப் பார்த்து உட்கார்ந்த பூனை

செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டு மாடியை, மலையடிவார ஆசிரமத்துக்கு வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். போன மாதம் ஒரு காலையில் எங்கள் கடுவன் பூனை கருப்பன் மொட்டைமாடியில் மலையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். முதுகு கூனியிருந்தது, கண் பாதி மூடியிருந்தது. கூப்பிட்டால் காதுகூட அசையவில்லை. தொண்டையிலிருந்து குர்ர்ர் என்ற சத்தம் மட்டும் நிற்காமல் வந்தது.

"அக்கா, தியானம் பண்றான். தொந்தரவு பண்ணாதீங்க" என்று மாடியில் தங்கியிருந்த பெண் அவன் பக்கத்திலேயே கண்மூடி உட்கார்ந்தார். நானும் நம்பி, பாலை வைத்துவிட்டு நகர்ந்தேன்.

மறுநாள் காலை பால் திரிந்துகிடந்தது. அவன் அதே இடத்தில், அதே சத்தத்தோடு இருந்தான். தூக்கினேன். பச்சைக் குழந்தை மாதிரி அலறினான். அலறி முடித்ததும் மறுபடி குர்ர்ர்.

கால்நடை மருத்துவர் அடிவயிற்றைத் தொட்டதுமே, "மூத்திரம் அடைச்சிருக்குங்க. இன்னும் லேட்டாயிருந்தா செத்துருப்பான். வலி ஜாஸ்தியானாலும் பூனை குர்ருனு சத்தம் போடும்" என்றார்.

கருப்பன் பிழைத்துக்கொண்டான். இப்போது அவன் அசையாமல் உட்கார்ந்தால், அவன் மூத்திரம் போகிற மணல் தொட்டி ஈரமாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். காய்ந்திருந்தால் உடனே ஆட்டோதான். மடியில் படுத்து அவன் குர்ர்ர் என்னும்போது மட்டும், தடவுகிற கை தானாக நின்றுவிடுகிறது.