காப்புக் கட்டிய கையால் ஒரு மாத்திரை

2003-ஆம் ஆண்டு, சித்திரை மாதம். கம்பத்துக்கு அருகே நான் வாழ்க்கைப்பட்ட ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். மகள் பிறந்தபின் என்னைப் பற்றிக்கொண்ட மனச்சோர்வுக்காக, ஓராண்டாகத் தேனி மருத்துவர் ஒருவர் தந்த மாத்திரையைச் சாப்பிட்டு வந்தேன். வாய் வறளும், உறக்கம் முன்பின்னாகும்; ஆயினும் பிள்ளையின் சிரிப்பை ரசிக்கும் மனத்தை எனக்குத் திருப்பித் தந்தது அதுதான்.

தேறியதற்கு நன்றியாக அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தேன். கையில் காப்பு ஏறிவிட்டால் மருந்து தொடக் கூடாது, ஊர் எல்லை தாண்டக் கூடாது என்பது எங்கள் தெரு வழக்கம். காப்புக் கட்டிக்கொண்ட அன்றே மாத்திரையை நிறுத்தினேன்.

சில நாள்களில், தலையைத் திருப்பினாலே உள்ளே மின்னல் வெட்டியது. தரை சாய்ந்தது. காரணமின்றி அழுதேன், நடுங்கினேன். தெருப் பெண்கள் மஞ்சள் நீரும் வேப்பிலையுமாக வந்துவிட்டார்கள். "ஆத்தா எறங்கிட்டா" என்று ஒருத்தி கும்பிட்டாள். இன்னொருத்தி, தன் மகனுக்கு எப்போது பெண் அமையும் என்று என்னிடம் குறி கேட்டாள்.

ஆண்டுதோறும் அம்மன் அருள் வந்து ஆடுகிறவர் என் மாமியார். கூட்டத்தை விலக்கி வந்து என் முகத்தை நிமிர்த்திப் பார்த்தார்.

"அங்கன தள்ளுங்கடி. ஆத்தா வந்தா ஆளு இப்பிடிச் செவுத்தப் புடிச்சுக்கிட்டா நிக்கும்? அவ வர்ற வரத்து எனக்குத் தெரியாதா?" என்றவர், என் காதருகே குனிந்தார். "மாத்திரய நிப்பாட்டிட்டியா?"

தலையசைத்தேன். அதற்கும் மின்னல் வெட்டியது.

அடுத்த பேருந்தில் தேனிக்குப் புறப்பட்டோம். அவர் கையிலும் காப்பு இருந்தது.

"எல்லை தாண்டுறோமே, அத்தை."

"கோவிச்சா எங்கிட்டதான கோவிப்பா? நான் பேசிக்கிறேன். நீ சாஞ்சுக்க."

இத்தகைய மருந்தை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் விளக்கினார். வாழவே வேண்டாமென்று தோன்றியதா என்றும் கேட்டார். நான் காப்புக் கயிற்றையே திருகிக்கொண்டிருந்தேன். அத்தையின் பிடி என் மணிக்கட்டில் இறுகியது.

மருத்துவமனை வாசலுக்கு வந்ததும், காப்புக் கட்டிய அந்தக் கையாலேயே மாத்திரையைப் பிரித்தார். "டாக்டரு சொல்லிட்டாக. வாயத் தொற."

திருவிழாவன்று என் அக்கினிச்சட்டியையும் அவரே ஏந்தினார். மருத்துவர் சொன்னபடி மெல்லக் குறைத்து, பின்னாளில் அந்த மாத்திரையிலிருந்து விடுபட்டேன். என் பொருட்டுத் தன் தெய்வத்தின் கோபத்தையும் ஏற்கத் துணிந்த ஒருவர் எனக்கிருந்தார் என்ற நினைவு, மனம் தளரும் நாள்களில் இன்றும் என்னைத் தாங்கிப் பிடிக்கிறது.