பெரியப்பா அனுப்பிய பட்டைகள்

அம்மாவும் பெரியப்பாவும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை. சண்டை ஒன்றுமில்லை, வழக்கம் அப்படி. கணவனின் அண்ணனிடம் சொல்ல வேண்டியதை அம்மா கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம் சொல்வாள். நாலடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவுக்கு அது நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் போய்ச் சொல்லும்வரை அது அவர் காதில் விழுந்ததாகக் கணக்கில்லை. அவரும் பதிலை என்னிடம்தான் கொடுத்தனுப்புவார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வேலையில் எனக்குக் கர்வம் உண்டு. ஒரு சொல் கூட்டமாட்டேன், ஒரு சொல் குறைக்கமாட்டேன். "இவ கிட்ட சொல்லிவுட்டா அப்படியே போய்ச் சேரும்" என்று பெரியப்பாவே மெச்சியிருக்கிறார்.

அறுபதுகளின் தொடக்கம். ராணுவம் கழித்துக் கட்டிய ஜீப் ஒன்றை அப்பா ஏலத்தில் எடுத்து, திருவண்ணாமலையிலிருந்து ஜவ்வாது மலைக்கு வியாபாரம் செய்துகொண்டிருந்தார். மேலே போகும்போது உப்பு, மண்ணெண்ணெய், துணி. இறங்கும்போது புளி, தேன், கடுக்காய். மலைப்பாதை என்பது பேருக்குத்தான். மழைக்குப் பிறகு பாதை எது, ஓடை எது என்று தெரியாது. மூட்டை ஏறினால் ஜீப்பின் அடிவயிறு கல்லில் இடிக்கும். ஒருமுறை வண்டி பாறைமேல் உட்கார்ந்துவிட, அப்பா கீழே இறங்கிக் கட்டையால் நெம்பினார். வண்டி சரிந்து அவர் கால் முறிந்தது. மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிப் படுக்க வைத்தார்கள். நாலு மாதம் எழுந்திருக்கக் கூடாது.

அம்மா தானே வியாபாரத்தை நடத்துவதாக முடிவு செய்தாள். எங்கள் டிரைவர் பட்டாளத்தில் வண்டி ஓட்டியவர். ஸ்பிரிங் பட்டைகளை மாற்றாமல் இனி மலை ஏறமாட்டேன் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வில்லாக வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய கட்டுகள்தாம் வண்டியைச் சக்கரத்துக்கு மேல் தாங்குகின்றன. எங்கள் ஜீப்பில் அந்த வில்கள் நிமிர்ந்து தட்டையாகப் போயிருந்தன. நல்ல வளைவுள்ள கட்டுகளாக நான்கும் மாற்றினால் வண்டி நாலு விரற்கடை உயரும், கல்லில் இடிக்காது. அதுவரை ஜீப் வாசலில் நிற்க வேண்டியதுதான். அது நிற்கிற ஒவ்வொரு வாரமும் மலைக்காரர்கள் புளியை வேறு யாருக்காவது போட்டுவிடலாம்.

பெரியப்பாவுக்கு அரிசி மண்டி இருந்தது. அவர் வந்து அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து ஒரு யோசனை சொன்னார். ஜீப் அவர் மண்டியில் நிற்கட்டும், அவருடைய பெரிய மகன் மலைக்குப் போய்வரட்டும், வருவதில் எங்களுக்கு ஒரு பங்கு. அம்மா என் மூலமாக, யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். மறுவாரம் ஒரு மாட்டுவண்டி எங்கள் வாசலில் நின்றது. வண்டியில் நான்கு புதிய பட்டைக் கட்டுகள். பெரியப்பா அனுப்பியிருந்தார். தெருவே எட்டிப் பார்த்தது. மாலை போடாததுதான் குறை.

அன்று சாயங்காலம் கொல்லையில் அம்மாவும் டிரைவரும் கட்டுகளைப் பிரித்தார்கள். இரண்டிரண்டாக நேர்நேர் வைத்து வளைவு ஒத்திருக்கிறதா என்று கயிறு பிடித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு பட்டையையும் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியால் தட்டினார்கள். உள்ளே பழுது இருந்தால் ஓசை அமுங்கும். இவையோ நின்று ஒலித்தன. பிறகு மண்ணெண்ணெய் தடவி, துணியால் துடைத்து, சுண்ணாம்புக்கட்டித் தூளைத் தூவினோம். தூள் என் உபயம், பள்ளிக்கூடத்திலிருந்து. கீறல் இருந்தால் அதற்குள் போன எண்ணெய் திரும்பக் கசிந்து வெள்ளையில் கோடு போட்டுவிடும். ஒரு கோடும் விழவில்லை. பட்டாளத்தில்கூட இப்படிப்பட்ட சரக்கைப் பார்த்ததில்லை என்றார் டிரைவர். அம்மா கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். இரவு அப்பா, அண்ணன் கொடுக்கிறதை வேண்டாம் என்றால் நன்றாயிருக்காது என்று சொல்வது எனக்குக் கேட்டது.

மறுநாள் காலையில் பெரியப்பா வந்தார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"பட்டை நம்ம வண்டிக்கு ஒத்துவராதுன்னு சொல்லு."

நான் அப்படியே சொன்னேன். பெரியப்பா, பதிலை அம்மாவிடம் கொண்டுபோகச் சொல்லாமல், என்னையே கேட்டார்.

"நீ கூட இருந்தியா? அதுல இன்னா குறை கண்டாங்க?"

"ஒண்ணும் இல்ல பெரியப்பா. கீறல் இல்ல. தட்டினா மணி மாதிரி கேட்டுச்சு. மிலிட்டரில கூட இந்த மாதிரி இல்லன்னு டிரைவர் சொன்னாரு."

இதற்காக நான் அன்றும் வருந்தவில்லை, இன்றும் வருந்தவில்லை. கேட்டார், சொன்னேன். கட்டிலில் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பெரியப்பா சிரித்தார்.

"எதுக்கு இந்தப் பொய்யின்னு உங்கம்மாவைக் கேளு."

கேட்கத் திரும்பினேன். கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை. அம்மா என்னைத் தாண்டிக் கூடத்துக்கு வந்து அவர் எதிரில் நின்றிருந்தாள்.

"பொய்தாங்க மாமா. ரொம்ப நல்ல பட்டை. பத்து வருஷம் ஆனாலும் உடையாது. அதனாலதான் வேணாங்கிறேன்."

பழக்கதோஷம், பெரியப்பா என் பக்கம் திரும்பினார். அவருக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. நானும் என் கடமையைச் செய்ய வாயைத் திறந்தேன்.

"அவ சொல்ல வேணாம்" என்றாள் அம்மா. "உங்களுக்குக் கேட்டுது."

பெரியப்பா தம்பியைப் பார்த்து, இந்தக் குடும்பத்தில் எந்தப் பொம்பளையாவது இப்படி எதிரில் வந்து நின்றதுண்டா என்று கேட்டார். அப்பா கண்ணைத் திறக்கவில்லை. பதிலையும் அம்மாதான் சொன்னாள்.

"வண்டி உங்க மண்டியில இல்ல, எங்க வாசல்லதாங்க நிக்கும்."

மத்தியானத்துக்குள் அதே மாட்டுவண்டி வந்து பட்டைகளை ஏற்றிக்கொண்டு போனது. தெரு மறுபடியும் எட்டிப் பார்த்தது.

அடுத்த நாளே அம்மா என்னையும் டிரைவரையும் கூட்டிக்கொண்டு வேலூருக்கு பஸ் ஏறினாள். பழைய இரும்புக் கடைகளில் பட்டைகள் மலையாகக் குவிந்திருந்தன. கொல்லன் உலையில் போட்டு வளைத்ததை அம்மா ஒதுக்கினாள். அதற்கு வளைவு இருக்கும், பலம் இருக்காது. புதுசாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்ததையும் ஒதுக்கினாள்; அடியில் எதையோ மறைக்கத்தான் அடித்திருக்கிறான் என்றாள். டிரைவர் தடித்த லாரிப் பட்டைகளைக் காட்டினார். தடித்த பட்டைகள் சிலவற்றை வைத்துக் கட்டியது வேண்டாம், மெல்லிய பட்டைகளை நிறைய அடுக்கிய கட்டாக இருந்தால்தான் வண்டி தூக்கிப் போடாது என்று அப்பா கட்டிலிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார். ஒவ்வொன்றாகத் தட்டி, தடவி, வெயிலில் பிடித்துப் பார்த்து அம்மா பொழுதைச் சாய்த்தாள். கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னாம்மா, பட்டை வாங்க வந்தீங்களா, பட்டுப் புடவை வாங்க வந்தீங்களா?"

"பட்டுன்னா இவ்ளோ பார்க்கமாட்டேங்க."

நான்கு கட்டுகள் தேறின. பெரியப்பா அனுப்பியவற்றின் பக்கத்தில் வைத்தால் இவை பாவமாக இருந்திருக்கும். ஆனாலும் மாட்டியபோது ஜீப் உயர்ந்து நின்றது. ஏறுவதற்கு என்னைத் தூக்கிவிட வேண்டியிருந்தது. முதல் நடைக்கு அம்மா முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதைப் பற்றி ஊரில் பேச்சு ஜாஸ்தியாகத்தான் இருந்தது. மண்டி இருக்கும் தெரு வழியாகத்தான் போக வேண்டும் என்றில்லை; அம்மா அந்த வழியாகத்தான் போகச் சொன்னாள். மூன்றாம் நாள் புளி மூட்டைகளோடு திரும்பி வந்தார்கள். வண்டி எங்கும் இடிக்கவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு நடையில், இறக்கத்தில், பின்பக்கக் கட்டில் ஒரு பட்டை உடைந்தது. டிரைவர் கயிற்றால் இறுகக் கட்டி மெதுவாக ஊர் கொண்டுவந்து சேர்த்தார். கழற்றிய பட்டை இரண்டு துண்டாக முற்றத்தில் கிடந்தது. நான் இதற்குத்தான் காத்திருந்தேன்.

"பெரியப்பா குடுத்த பட்டையா இருந்தா உடைஞ்சிருக்காது" என்றேன்.

அம்மா கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரு துண்டை எடுத்துக் கையில் ஏந்திக் கனம் பார்த்தாள். முறிந்த இடத்தை விரலால் தடவினாள்.

"உடைஞ்சிருக்காதுதான்" என்றாள். "இது நம்மளது. வேற வாங்கிப் போட்டுக்கலாம்."

அதை அவள் சொன்ன விதத்தில் கொஞ்சமும் வருத்தம் இல்லை. உள்ளே கட்டிலில் இருந்த அப்பாவுக்குக் கேட்கும்படி இன்னொரு தடவையும் சொன்னாள். வேலூரில் நாளெல்லாம் அலைந்து பொறுக்கியது உடைந்து கிடக்கிறது. அந்த இரும்புத் துண்டை, யாரோ பரிசு கொடுத்ததைப் போல அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று டிரைவரைக் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, எனக்கும் அதான் தெரியல பாப்பா என்றார்.